1921, 1935, 1952: சென்னை மாகாணப் பெண்களுக்கு ஓட்டு எந்த ஆண்டு கிடைத்தது?

செங்கோடன்_நூலகம் (கேள்வி)

கிளை நூலகத்தில் பெண்கள் வாக்குரிமை வரலாறு பற்றி ஆறு தட்டிகள் வைக்கிறோம். ஒரு தட்டியில் எண்பது சொல், மிஞ்சிப்போனால் நூறு. இடம் குறைவு என்பதால் ஒரு வரி தப்பானாலும் பளிச்சென்று தெரியும். கையில் இருக்கும் புத்தகங்களோ ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. 1921-லேயே சென்னை மாகாணம் கொடுத்துவிட்டது என்கிறது ஒன்று. 1935 சட்டத்தில்தான் வந்தது என்கிறது இன்னொன்று. 1952 பொதுத் தேர்தலுக்கு முன் பெண்கள் ஓட்டே போட்டதில்லை என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

இவற்றில் எதைப் போடுவது? "நீதிக்கட்சி ஆட்சி எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது", "முத்துலட்சுமி ரெட்டி தேர்தலில் வென்ற முதல் பெண் உறுப்பினர்" என்ற இரண்டு வாக்கியங்களை அப்படியே எழுதலாமா? கடைசித் தட்டி இலங்கைக்கு. "1931-ல் யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர்" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பழைய_கெஜட்

மூன்று ஆண்டும் சரி. ஆனால் மூன்றிலும் கிடைத்தது ஒன்றல்ல. 1921-க்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதில்தான் குழப்பம் அதிகம்.

1919-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் வந்த தேர்தல் விதிகளில், யாரை வாக்காளராகப் பதியக் கூடாது என்று ஒரு விதி உண்டு. 21 வயது ஆகாதவர், புத்தி சுவாதீனம் இல்லையென்று நீதிமன்றம் தீர்மானித்தவர் ஆகியோர் இருக்கும் அதே வரிசையில் பெண்ணும் இருந்தாள். கூடவே ஒரு விலக்கும் வைத்தார்கள். மாகாணக் கவுன்சிலில், அதாவது அன்றைய மாகாணச் சட்டமன்றத்தில், குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்போடு ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் இந்தத் தடையை நீக்கலாம், அல்லது பெண்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் நீக்கலாம். தீர்மானம் நிறைவேறினால் மாகாண அரசு அதற்கான விதிமுறை செய்தே ஆக வேண்டும். லண்டன் தானாக ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பொறுப்பைத் தூக்கி மாகாணங்களின் தலையில் கட்டிவிட்டது.

சென்னைக் கவுன்சிலில் அந்தத் தீர்மானம் 1921 ஏப்ரல் 1 அன்று நிறைவேறியது. கொண்டுவந்தவர் திவான் பகதூர் எம். கிருஷ்ணன் நாயர். மலபார்க்காரர், அதற்கு முன் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். பம்பாய் அதே ஆண்டு பின்தொடர்ந்தது. வங்காளத்தில் 1921-ல் தீர்மானம் தோற்று, 1925-ல்தான் ஜெயித்தது. பீகார்-ஒரிசா 1929 வரை இழுத்தது.

இங்கே தட்டிக்கு இரண்டு எச்சரிக்கை. "இந்தியாவிலேயே முதலில்" என்று போடாதீர்கள். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1920-லேயே கொடுத்துவிட்டது. "பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலில்" என்று எழுதினால் யாரும் கை நீட்டிக் கேட்க முடியாது. அடுத்தது, "1921-ல் வாக்களித்தனர்" என்று எழுதக் கூடாது. அந்தச் சட்டத்தின் கீழ் முதல் தேர்தல் 1920 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆகவே சென்னை மாகாணப் பெண்கள் கவுன்சில் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்ட முதல் ஆண்டு 1923.

இனி "எல்லாப் பெண்களுக்கும்" என்ற சொல். தீர்மானம் நீக்கியது பால் தடையை மட்டுமே. சொத்துத் தகுதி அப்படியே நின்றது. சென்னை மாகாணக் கிராமத் தொகுதியில் ஆண்டுக்கு 10 ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ள நிலத்துக்குப் பட்டாதாரராகவோ இனாம்தாரராகவோ (தீர்வை இல்லாமலோ குறைத்தோ மானியமாக வந்த நிலம் வைத்திருப்பவர்) இருக்க வேண்டும். நகரத்தில் ஆண்டுக்கு 3 ரூபாய்க்குக் குறையாமல் நகராட்சி வரி கட்ட வேண்டும். வருமான வரி கட்டுபவருக்கும் ராணுவ ஓய்வூதியருக்கும் தனி வழி உண்டு. இந்தத் தகுதியோடு 1920-ல் மாகாணம் முழுக்கச் சுமார் 12.5 லட்சம் ஆண் வாக்காளர்கள் இருந்தார்கள். மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடி.

பெண்களுக்கு இது எப்படி வேலை செய்திருக்கும் என்று ஒரு வீட்டை வைத்துப் பாருங்கள். ஐந்து ஏக்கர் நஞ்சை, தீர்வை 30 ரூபாய், பட்டா மாமனார் பெயரில். ஓட்டு அவருக்கு. பட்டாவில் பெயரில்லாத மகன்களுக்கு அந்த நிலத்தைக் காட்டி ஓட்டு இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் அந்தப் பேச்சே இல்லை. நாற்று நட்டது, களை பறித்தது, நெல் தூற்றியது எதுவும் கணக்கில் வராது. பட்டாவின் பெயர்க் கட்டத்தில் யார் பெயர் என்பது மட்டும்தான் கணக்கு. அதே வீட்டில் மாமனார் இறந்து, மகனும் இல்லாமல், பட்டா விதவையின் பெயருக்கு மாறியிருந்தால் அவள் வாக்காளர். அக்கால இந்துச் சட்டப்படி மகன் இருக்கும்வரை விதவைக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கில்லை. வாழ்நாள் அனுபவமாக ஒரு பங்கு 1937 சட்டத்தில்தான் வந்தது. ஆக 1923 பட்டியலில் ஏறக்கூடிய பெண் யார் என்றால், பிள்ளையில்லாத விதவை, தாய்வீட்டு நிலம் தன் பெயரில் உள்ளவள், பட்டணத்தில் தன் பெயரில் வீட்டு வரி கட்டுபவள், இப்படிச் சிலர்தான். கோயில் ஊழியத்துக்காகத் தங்கள் பெயரில் இனாம் நிலம் வைத்திருந்த தேவதாசிகளுக்கும் விதிப்படி வழி திறந்திருந்தது. மலபாரிலும் தென் கன்னடத்திலும் தாய்வழிச் சொத்துரிமை (மருமக்கள்தாயம்) இருந்ததே என்று கேட்பீர்கள். தறவாட்டு நிலம், அதாவது கூட்டுக் குடும்ப நிலம், பெரும்பாலும் குடும்பத் தலைவரான காரணவர் நிர்வாகத்தில் இருந்தது, காரணவர் ஆண்.

வயது வந்த பெண்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இதனால் பயன்பட்டது.

தெக்கத்தி_மதி

கெஜட் சார் சொன்ன விவரங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கிருஷ்ணன் நாயர் பெயரைச் சொல்லிவிட்டு, எந்த அவையில் அது நிறைவேறியது என்பதைச் சொல்லாமல் போவது சரியில்லை. 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. அவையில் பெரும்பான்மை நீதிக்கட்சி, முதல் அமைச்சர் கடலூர் சுப்பராயலு ரெட்டியார். பொறுப்பேற்று நாலைந்து மாதத்துக்குள் தீர்மானம் வந்து நிறைவேறிவிட்டது. அதே விதி, அதே விலக்கு வங்காளத்துக்கும் இருந்தது. அங்கே தோற்றது, இங்கே ஜெயித்தது. கை தூக்கியவர்கள் யார் என்பது முக்கியமில்லையா? "எல்லாப் பெண்களுக்கும்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், கட்சிப் பெயரை எடுக்காதீர்கள்.

அடையாறு_ஆலமரம்

மதி, கட்சிப் பெயர் இருக்கட்டும். ஆனால் 1921-ல் கதை தொடங்கினால் கோரிக்கை வைத்த பெண்களே காணாமல் போய்விடுவார்கள், வரமளித்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். ஆறு தட்டியில் ஒன்றையாவது 1917-க்கு ஒதுக்குங்கள்.

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. தலைவர் அன்னி பெசன்ட். வேலையை இழுத்துச் செய்தவர்கள் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா. கசின்ஸ் அயர்லாந்தில் வாக்குரிமைக்காகப் போராடி, லண்டன் ஹாலோவே சிறையிலும் இருந்தவர். அந்த ஆண்டு இறுதியில் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு, வைஸ்ராய் செம்ஸ்போர்டோடு ஊர் ஊராகப் போய் அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்டார். பெண்கள் தரப்பில் சந்திக்க நேரம் கேட்டுக் கசின்ஸ் எழுதியபோது மனதில் இருந்தது பெண் கல்வி. அரசியல் சம்பந்தமான கோரிக்கை இருந்தால்தான் தூதுக்குழுக்களைப் பார்ப்போம் என்று பதில் வந்தது. பெண்களுக்கு அரசியல் கோரிக்கை இருக்காது என்று நினைத்திருக்கலாம். அந்த நிபந்தனையையே பிடித்துக்கொண்டு, மனுவில் வாக்குரிமையைச் சேர்த்தார்கள்.

1917 டிசம்பர் 18 அன்று சென்னையில் சரோஜினி நாயுடு தலைமையில் குழு சந்தித்தது. வாக்காளர் தகுதி வகுக்கும்போது பெண் என்பதற்காக விலக்காதீர்கள், ஆணுக்கு என்ன அளவுகோலோ அதையே எங்களுக்கும் வையுங்கள் என்பது கோரிக்கை. கல்வியும் மகப்பேற்று மருத்துவ வசதியும் அதே மனுவில் இருந்தன. 1918-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாடு இதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது, பேசியவர் சரோஜினியே.

பிறகு சவுத்பரோ பிரபு தலைமையில் வாக்குரிமைக் குழு வந்தது. நாட்டின் சமூக நிலைக்கு இது இன்னும் காலமாகவில்லை என்று 1919-ல் எழுதிவிட்டுப் போனது. கோஷாப் பெண்களை (வெளி ஆண்கள் பார்வையில் படாமல் திரைமறைவில் இருப்பவர்கள்) வாக்குச்சாவடிக்கு எப்படி வரவழைப்பது, முகம் பார்க்காமல் ஆளை எப்படி அடையாளம் காண்பது என்ற நடைமுறைச் சிக்கலெல்லாம் மறுப்புக்குக் காரணமாயின. தனிச் சாவடி, பெண் அலுவலர் என்ற எளிய விடை அப்போதே சொல்லப்பட்டதுதான். அதன்மேல் 1919-ல் சரோஜினி, பெசன்ட், பம்பாயிலிருந்து ஹீராபாய் டாட்டா, அவர் மகள் மித்தன் ஆகியோர் லண்டன் போய் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் பேசினார்கள். மாகாணக் கவுன்சில் விரும்பினால் தடையை நீக்கலாம் என்று கெஜட் சொன்னாரே, அந்த விலக்கு அந்த நெருக்கடியில் பிறந்தது. அது விதியில் இல்லாவிட்டால் 1921-ல் எந்தக் கட்சியும் கை தூக்க வழியே இருந்திருக்காது.

முத்துலட்சுமி ரெட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். "தேர்தலில் வென்ற" என்பது தவறு. ஓட்டுப் போடும் உரிமை வந்தபோது நிற்கும் உரிமை வரவில்லை, அது தனிப் பூட்டு. 1926-ல் இந்திய அரசு விதியைத் திருத்தி, அந்தந்தக் கவுன்சில் தீர்மானித்தால் பெண்கள் உறுப்பினராகலாம் என்றது. சென்னை ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் நின்று சொற்ப வாக்கில் தோற்றார். மங்களூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. முத்துலட்சுமி அரசால் நியமிக்கப்பட்டு உள்ளே வந்தார். வந்தபின் 1927-ல் அவையினர் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். உறுப்பினர் பதவி நியமனத்தில் வந்தது, துணைத் தலைவர் பதவி தேர்வில் வந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

தெக்கத்தி_மதி

சரி, 1917 தட்டிக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். ஆனால் அதில் பெசன்ட் படத்தைப் பெரிதாகப் போட்டு, 1921 தட்டியில் நீதிக்கட்சியைப் பொடி எழுத்தில் போட்டால் மறுபடி வருவேன்.

செங்கோடன்_நூலகம்

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் 1935 சட்டத்தில் புதிதாக என்ன வந்தது? "மனைவி" என்ற தகுதி என்று ஒரு புத்தகத்தில் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். கணவன் ஓட்டுப் போட்டால் மனைவியும் போடலாம் என்று அர்த்தமா?

ராஜம்_கோவை

கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் அந்த ஒரு வரிக்குள்தான் பல வருஷச் சண்டை இருக்கிறது.

இந்திய அரசியல் சீர்திருத்தம் பற்றிப் பேச 1930-ல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் பெண்கள் தரப்பில் அரசு அழைத்தது இருவரை. பேகம் ஷா நவாஸ் ஒருவர். மற்றவர் ராதாபாய் சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன் வீட்டு மருமகள், அதற்குச் சற்று முன்வரை சென்னையில் முதலமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மனைவி. இவர்கள் நிலைப்பாடு: முழு வயது வாக்குரிமை உடனே வராது, ஆகவே சிறப்புத் தகுதியும் ஒதுக்கீட்டு இடங்களும் கேட்டு வாங்குவோம். மாதர் சங்கம், அகில இந்திய மாதர் மாநாடு, இந்தியப் பெண்கள் தேசியக் கவுன்சில் ஆகிய மூன்று அமைப்புகளும் இதற்கு நேர் எதிர். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, பெண்ணுக்கென்று தனித் தகுதியும் வேண்டாம், ஒதுக்கீடும் வேண்டாம் என்றன.

1932-ல் யாருக்கு ஓட்டு என்று ஆராய லோதியன் குழு வந்தது. ராதாபாயும் அதில் உறுப்பினர். அப்போது நாடு முழுக்க 20 ஆண் வாக்காளருக்கு ஒரு பெண் வாக்காளர் இருந்தார். அதை நாலரைக்கு ஒன்றாகக் கொண்டுவர வேண்டும் என்று குழு இலக்கு வைத்தது. சொத்தை மட்டும் அளவாக வைத்தால் எந்த ஜென்மத்திலும் அந்த இலக்கை எட்ட முடியாது, காரணம் கெஜட் சொன்ன பட்டா சமாச்சாரம். எனவே இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். சொத்துத் தகுதியுள்ள ஆணின் மனைவிக்கு ஓட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஓட்டு. கணவனுக்கு வெறுமனே ஓட்டு இருந்தால் போதாது, சட்டம் சொன்ன அளவு சொத்துத் தகுதி இருக்க வேண்டும். எழுத்தறிவுத் தரமும் சொத்து அளவும் மாகாணத்துக்கு மாகாணம் மாறின.

பெண்கள் அமைப்புகளின் ஆட்சேபம் கூர்மையானது. கல்யாணம் ஆனதால் குடியுரிமை வருமென்றால், கல்யாணம் ஆகாதவள் யார்? சொத்தில்லாத கூலிக்காரனின் மனைவி யார்? 1933-ல் முத்துலட்சுமி ரெட்டி, ராஜகுமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி மூவரும் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் இதை வாதாடினார்கள். வாதம் எடுபடவில்லை.

1935 சட்டத்தில் கடைசியாக வந்தது ஐந்துக்கு ஒன்று என்ற அளவு. ஏறக்குறைய 2.9 கோடி ஆண்களுக்கு 60 லட்சம் பெண்கள். அதுவும் காகிதத்தில். சில மாகாணங்களில் மனைவித் தகுதி உள்ளவர் தானாக மனுக் கொடுத்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். ஆணின் பெயர் வரிக் கணக்கேட்டிலிருந்து தானாக வந்துவிடும், அவன் ஒன்றும் செய்ய வேண்டாம். மனைவியின் பெயர் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. மனு எழுதத் தெரியாதவள், எழுதிக் கொடுக்க வீட்டில் மனசில்லாதவள், கெடு தேதியே காதுக்கு வராதவள் எல்லோரும் விட்டுப் போனார்கள்.

1937 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு ஒதுக்கீடு. மஞ்சள் பெட்டியில் போடுங்கள் என்று காங்கிரஸ் ஊர் ஊராகப் பிரசாரம் செய்த தேர்தல் அது. கடலூர் அஞ்சலையம்மாள் உறுப்பினரானார், ருக்மிணி லட்சுமிபதி துணை சபாநாயகரானார். வேட்பாளருக்கு ஒரு நிறப் பெட்டி என்பது படிக்கத் தெரியாத வாக்காளருக்குச் சௌகரியம். எழுத்தறிவைத் தகுதியாக வைப்பதற்கு நிர்வாகம் சொன்ன பாதிக் காரணம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

வாக்குச்சாவடி_நூறு

1952 தட்டிக்கு என் பங்கு.

சொத்து, படிப்பு, கல்யாணம் எல்லாத் தகுதியும் ஒழிந்தது அரசியலமைப்பின் 326-வது பிரிவில். 21 வயது ஆன எல்லோருக்கும் ஓட்டு (18 ஆனது 1989-ல்). ஆனால் உரிமை எழுத்தில் வந்ததும் பட்டியலில் பெயர் வந்துவிடாது. வரிக் கணக்கேட்டைப் பார்த்து எழுதிய காலம் முடிந்து, வீடு வீடாகப் போய் எழுத வேண்டியதாயிற்று. மொத்தம் 17 கோடிக்கு மேல், அதில் ஏறக்குறைய 8 கோடிப் பெண்கள்.

சிக்கல் வாசலில்தான். கணக்கெடுப்பவர் அந்நிய ஆண். பல ஊர்களில் பெண்கள் அவரிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை, வீட்டு ஆண்களும் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மகள் என்றே எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு கிராமத்தில் ராம் சிங் என்று நான்கு பேர் இருந்தால் "ராம் சிங் மனைவி" என்ற வரி யாருடையது? வாக்குச்சாவடியில் அலுவலர் எதைக் கேட்டு ஆளைச் சரிபார்ப்பார்? ஒரே வரியைக் காட்டி இரண்டு பேர் வந்தால்?

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இந்தப் பதிவுகளை ஏற்க மறுத்தார். சொந்தப் பெயர் சேர்க்க வேண்டும், இல்லையேல் நீக்க வேண்டும் என்று உத்தரவு. பீகாருக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள், அங்கே நிறையப் பெயர்கள் திரும்பச் சேர்ந்தன. முடிவில் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பகுதி பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரத், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம். சென்னை மாகாணம் அந்தச் சிக்கல் பட்டியலில் இல்லை. அதனால் 28 லட்சத்தைத் தமிழ்நாட்டுத் தட்டியில் போட்டால் இங்கே நடந்தது போல் ஆகிவிடும், மாநிலப் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள்.

அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதம் உண்டு. என் கணக்கில் சரி. அன்றைக்கு விட்டுக்கொடுத்திருந்தால் அடுத்த தேர்தலிலும் அதே வரிதான் வந்திருக்கும். கடுமையாக நின்றதால் 1957 பட்டியலில் இந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. ஆனால் அந்த 28 லட்சம் பேர் முதல் தேர்தலில் சாவடிப் பக்கமே போக முடியாமல் போனதும் நிஜம்.

"1952-க்கு முன் பெண்கள் ஓட்டே போட்டதில்லை" என்ற வரியைக் கிழித்துவிடுங்கள். சென்னை மாகாணத்தில் 1952 ஜனவரியில் வாக்களித்த பெண்களில் பெரும்பாலோருக்கு அது முதல் முறை என்று வேண்டுமானால் எழுதலாம்.

வடமராட்சியான்

இலங்கைத் தட்டியில் நீங்கள் எழுதியிருக்கிற வசனம் பிழை. நல்ல காலம், அச்சுக்குப் போக முதல் கேட்டீர்கள்.

1931-ல் உரிமை வந்தது சரி. ஆசியாவில் சர்வசன வாக்குரிமையை முதலில் பெற்ற நாடுகளில் ஒன்று இலங்கை. அதற்கு முதல் சனத்தொகையில் 4 வீதமளவுக்குத்தான் வாக்கு, அது முழுக்க ஆண்கள். 1927 முடிவில் இலங்கை அரசியலமைப்பைச் சீர்திருத்த பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வரும்போது அக்னஸ் டி சில்வா முதலானோர் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்துச் சாட்சியம் சொன்னார்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்பதுதான் அக்னஸின் பதில். ஆணைக்குழு பெண்ணுக்கு 30 வயது என்று சிபாரிசு செய்தது, சட்டமாகும்போது ஆண் பெண் இருபாலாருக்கும் 21 ஆனது.

எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று கல்லூரி கட்டியவரும் அவர்தான். பெண் படிக்கலாம், வாக்குப் போடக் கூடாது என்பது அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பலரிடம் இருந்த எண்ணம்.

இப்போது உங்கள் வசனம். 1931 யூன் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் புறக்கணிக்கச் சொன்னது. டொனமூர் திட்டம் சுயராச்சியம் தரவில்லை என்பது காரணம். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் (வேட்புமனு) கொடுக்கவில்லை. வேட்பாளரே இல்லாதபோது வாக்கெடுப்பு ஏது? அந்த நான்கு தொகுதிகளுக்கும் 1934-ல்தான் தேர்தல் நடந்தது. ஆகவே குடாநாட்டுப் பெண்களுக்கு உரிமை 1931, வாக்களிப்பு 1934. மன்னார்-முல்லைத்தீவிலும் கிழக்கிலும் 1931-லேயே உறுப்பினர்கள் தெரிவானார்கள்.

அரசாங்க சபைக்கு (டொனமூர் திட்டத்தில் வந்த சட்டமன்றம்) தெரிவான முதல் பெண் அட்லின் மொலமூறே, 1931 ருவன்வெல்ல இடைத்தேர்தலில். இரண்டாமவர் நேசம் சரவணமுத்து, 1932-ல் கொழும்பு வடக்கில். கணவர் இரத்தினசோதி சரவணமுத்துவின் தெரிவு செல்லாது என்று ஆனபிறகு அதே தொகுதியில் நின்று வென்றார்.

மலையகத்தை விட்டுவிடாதீர்கள். தோட்டத் தொழிலாளருக்கு 1931-லேயே நிபந்தனை வைத்தார்கள். நிரந்தரக் குடியிருப்பைக் காட்ட வேண்டும், அல்லது சொத்து, எழுத்தறிவுத் தகுதி வேண்டும். முதல் பட்டியலில் சுமார் 1 லட்சம் பேர்தான் ஏறினார்கள். பிறகு 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தமும் வந்து, இருந்த வாக்கும் போயிற்று. அக்னஸ் டி சில்வா சொன்ன பதிலுக்கு அருகில் இந்த இரண்டு ஆண்டையும் போடுங்கள், வேறு விளக்கம் தேவையில்லை.

செங்கோடன்_நூலகம்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். தட்டிகளைத் திரும்ப எழுதுகிறேன். 1917 தட்டிக்கு ஒரு படம் கிடைத்திருக்கிறது. சேலை கட்டிய பெண்கள் "இந்தியா" என்று எழுதிய பதாகையோடு ஊர்வலம் போகிறார்கள். இந்தியப் பெண்கள் வாக்குரிமை கேட்டுப் போராடும் காட்சி என்று இணையத்தில் பல இடத்தில் போட்டிருக்கிறது. பயன்படுத்தலாம்தானே?

அடையாறு_ஆலமரம்

அதை 1917 தட்டியில் ஒட்டாதீர்கள். அது லண்டன் படம், 1911 ஜூன் 17. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவுக்கு முந்தைய வாரம் பிரிட்டிஷ் வாக்குரிமை அமைப்புகள் நடத்திய பெரும் ஊர்வலம். பேரரசின் பல பகுதிகளுக்கும் ஒவ்வொரு அணி வைத்தார்கள், அதில் இந்தியா ஒன்று. லண்டனில் அப்போது இருந்த சில இந்தியப் பெண்களைத் திரட்டி நடக்க வைத்தார்கள். ஊர்வலத்தின் கோரிக்கை பிரிட்டனில் பெண்களுக்கு ஓட்டு. இந்தியாவுக்கென்று கேட்டது ஆறு ஆண்டு கழித்துச் சென்னையில். படம் நன்றாக இருக்கிறது என்று விட மனசில்லாவிட்டால் ஊரையும் தேதியையும் கோரிக்கையையும் படத்தின் அடியிலேயே எழுதி, தனியாக வையுங்கள்.